கரும்பு வண்டியும் கதவு தட்டுகிறவரும்

அரவைக் காலத்தில் படாளம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டும். சாலையோரமெல்லாம் சோகை உதிர்ந்து கிடக்கும். எந்த ஆலைக்குக் கரும்பு தருவது என்பது ஏற்றி வந்த விவசாயியின் விருப்பம் மட்டுமல்ல. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை ஆலைக்கு ஆலை எல்லை ஒதுக்க வழி செய்திருக்கிறது. குறைந்தபட்ச விலையை மத்திய அரசு அறிவிக்கிறது. வெட்டு உத்தரவு ஆலையிலிருந்து வர வேண்டும். ‘அரசு இதிலிருந்து கையை எடுக்கட்டும்’ என்று யாராவது சொன்னால் அந்த விவசாயி காது கொடுத்துக் கேட்பார். அந்த அரசு விலையும் இல்லாவிட்டால் தன் கதி என்ன என்றும் யோசிப்பார்.

அந்த மாதிரிப் பேச்சை மக்களிடம் கொண்டுபோக முயன்ற அமைப்புகளில் இரண்டை இங்கே ஒப்பிடுகிறேன்: ஒன்று இந்தியாவில், மற்றொன்று அமெரிக்காவில்.

ஒன்று, 1956-இல் பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் தொடங்கிய ‘ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’. டாடா நிறுவனத்தில் இயக்குநராக இருந்தவர். 1944-இல் தொழிலதிபர்கள் முன்வைத்த பொருளாதாரத் திட்டமான பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். சிறு வெளியீடுகளும் சொற்பொழிவுகளும்தான் ஃபோரத்தின் கருவிகள். ஓட்டுக் கேட்கும் வேலைக்கு அது போகவில்லை. அதற்கு 1959-இல் சென்னையில் ராஜாஜி அறிவித்த சுதந்திராக் கட்சி இருந்தது. கூட்டுப் பண்ணை வேண்டும் என்று காங்கிரஸ் நாகபுரியில் தீர்மானம் போட்ட ஆண்டு அது. ராஜாஜி எதிர்த்தது நிலத்தைக் கூட்டாக்குவதை. படாளம் போன்ற ஆலைகளில் கூட்டு ஆலையோடு நிற்கிறது, நிலம் அவரவருடையது. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மற்றொன்று, ‘அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி’. அமெரிக்கத் தொழிலதிபர்களான கோக் சகோதரர்கள் 1984-இல் தொடங்கிய பழைய அமைப்பு பிளந்தபோது 2004-இல் பிறந்தது. குறைந்த வரி, சிறிய அரசு என்பது கொள்கை. 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் கிளை. 2018-இல் நாஷ்வில் நகரத்தில் புதிய ரயில், பேருந்துத் திட்டத்துக்காக வரியை உயர்த்தலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. இந்த அமைப்பின் ஆட்கள் தொலைபேசியில் அழைத்தார்கள்; 6,000 வீடுகளுக்கு மேல் கதவைத் தட்டினார்கள். திட்டம் தோற்றது. வீடு தேடிப் போய் மனிதரோடு மனிதராகப் பேசிய அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஃபோரத்தின் வெளியீடுகள் படித்தவர் மேசையோடு நின்றுவிட்டன; கரும்புத் தோட்டம் வரை அவை நடந்து வந்ததில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் என் மனம் ஷ்ராஃப் பக்கமே சாய்கிறது. ஃபோரத்தின் வெளியீட்டில் எழுதியவர் பெயர் இருக்கும். பின்னால் நிற்பவர்கள் தொழிலதிபர்கள் என்பது ஊரறிந்த சேதி. அமெரிக்க அமைப்போ வரிச் சட்டப்படி ‘சமூக நல’ வகை. கோக் பெயர் உலகறிந்ததே என்றாலும், நன்கொடை தந்த மற்றவர்களின் பெயரைப் பொதுவில் சொல்லும் கட்டாயம் அதற்கில்லை. வாசலில் நிற்கும் இளைஞருக்கே எல்லாப் பெயரும் தெரிந்திருக்காது.

படாளத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் திண்ணையில் உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் தருவார்கள். சொல்ல வந்ததைக் கேட்பதற்கு முன்னால் கேட்பார்கள்: “தம்பி யாரு? யார் அனுப்பி வந்தீங்க?”