மணல் மூடிய ஆலயம்

பிரான்சின் தென்மேற்குக் கரையிலுள்ள சூலாக் என்னும் ஊரில், 'நிலத்தின் எல்லையில் வாழும் அன்னை'யின் ஆலயம் உண்டு. புனித சந்தியாகப்பரின் கல்லறை நாடிக் கொம்போஸ்தெலாவுக்கு நடந்த திருப்பயணிகள் தங்கிச் செபித்த இடம் அது. 18-ஆம் நூற்றாண்டில், கடற்காற்று சுமந்து வந்த மணல் ஆலயத்தையும் ஊரையும் மூடிற்று. மக்கள் இடம் பெயர்ந்தனர்.

அக்கரையோர மணலை இறுதியில் அடக்கியவை புல்லும் மரமுமே. 1787-இல் பிரெமோந்தியே என்னும் பொறியாளர், தெற்கே ஆர்க்கஷோன் வளைகுடாவினருகே பணியைத் தொடங்கினார். அவருக்கு முன்பே சிலர் எடுத்துரைத்த முறைதான் அது. கரையோரம் பலகை வேலி நட்டனர். மணல் அதில் தங்கி மேடாயிற்று. நம் கடற்கரையின் இராவணன் மீசையைப் போல மணலைப் பற்றி வளரும் அம்மண்ணின் புல்லை மேட்டில் நட்டனர். அதன் பின்புறம் பைன் விதைகளைத் தூவி, காற்று வாரிச் செல்லாதபடி மரக்கிளைகளால் மூடினர். தலைமுறைகள் உழைத்தன, மணல் நின்றது. 1859-இல் ஆலயத்தை மணலிலிருந்து மீட்கும் பணியும் தொடங்கிற்று.

எனினும் புல்லுக்கும் எல்லை உண்டு. காற்று கொணரும் மணலை அது பிடிக்கும். அலை அரித்துச் செல்லும் கரையை முற்றிலும் காக்க அதனால் இயலாது. அதே சூலாக்கில், 1960-களின் இறுதியில், கடலிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. கரை கரைந்து கடல் நெருங்கவே, 2014-இல் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். 2023-இல் அது இடிக்கப்பட்டது.

மணல்மேடு கரையின் சேமிப்பு. புயலில் இழந்ததை அமைதிக் காலத்தில் மீட்டுக்கொள்வது. அதில் புல் நடுவோர், அது பின்வாங்கவும் இடம் விட்டு வைத்தல் வேண்டும். வீடு கட்டும் ஆசை அவ்விடத்தைத் தீண்டலாகாது.