லினக்ஸில் சேமிப்புக் கருவி நெரிசல்

வட்டோ அதன் கன்ட்ரோலரோ புதிய கட்டளையை அப்போதைக்கு ஏற்க முடியாமல் இருப்பதே சேமிப்புக் கருவி நெரிசல். இது பழுதன்று. சாட்டா வட்டு ஒரே சமயத்தில் 32 கட்டளைகள் வரைதான் வைத்துக்கொள்ளும். பல கணினிகள் பங்கிடும் சேமிப்பகம் எப்போது நிரம்பும் என்பது அவற்றில் எதற்கும் முன்கூட்டித் தெரியாது. மறுக்கப்பட்ட கோரிக்கையை நிறுத்திவைத்து மீண்டும் அனுப்புவது இயக்குதளத்தின் வேலை.

ஸ்கஸி நெறிமுறையில் இதைச் சொல்ல இரண்டு நிலைக்குறிகள் உண்டு. பதினாறடிமான எண்ணில் 08 என்றால் கருவிக்குக் கை ஓயவில்லை. 28 என்றால் அதன் வரிசை நிரம்பிவிட்டது. இரண்டாவதே பயன் மிக்கது, கருவியின் உண்மையான கொள்ளளவை அதிலிருந்து கணிக்கலாம். ஒரே அளவில் 10 முறைக்கு மேல் 28 வந்தால், இதை ஆதரிக்கும் டிரைவர்களில் லினக்ஸ் வரிசையின் ஆழத்தைக் குறைக்கிறது. பிறகு 120 வினாடிகள் நெரிசலின்றிக் கழிந்தால் ஒவ்வொன்றாக உயர்த்துகிறது.

கோரிக்கையை நிறுத்துவது எளிது. நின்ற வரிசையை யார் எழுப்புவது என்பதில்தான் சிக்கல். கருவியிடம் வேறு கட்டளைகள் ஓடிக்கொண்டிருந்தால், அவற்றில் ஒன்று முடியும்போது வரிசை தானாக நகரும். நினைவகம் கிடைக்காததால் டிரைவரே மறுத்திருந்தால், முடிய வேண்டிய கட்டளை எதுவும் இல்லாமல் போகலாம். அப்போது வரிசை உறங்கிவிடும். வட்டுக் கட்டளைக்கான 30 வினாடிக் காலக்கெடுவும் இங்கே உதவாது. கருவிக்கு அனுப்பப்பட்ட கட்டளைக்குத்தான் அந்தக் கடிகாரம் ஓடும். பதிவேட்டில் பிழைச்செய்தி ஏதுமின்றி நிரல் உறைந்து நிற்கும். இத்துறையில் கண்டுபிடிக்கக் கடினமான கோளாறுகளுள் இது ஒன்று.

இதைத் தவிர்க்க 2018இல் வந்த லினக்ஸ் 4.16, டிரைவரின் மறுப்பை இரண்டாகப் பிரித்தது. ‘முடியவிருக்கும் கட்டளை ஒன்று வரிசையை எழுப்பிவிடும்’ என்று டிரைவர் உறுதியளிப்பது ஒன்று. அந்த உறுதி இல்லாதது மற்றொன்று. அதற்கு மட்டும் கர்னல் 3 மில்லிவினாடி கழித்துத் தானே மறுபடி முயல்கிறது. சுழலும் வட்டுக்கு இது பெரிய இழப்பல்ல. 100 மைக்ரோவினாடிக்குள் பதில் தரக்கூடிய என்விஎம்இ சாதனத்துக்கோ மிக நீண்ட காத்திருப்பு. அதனால் உறுதியளிக்கக்கூடிய இடங்களில் டிரைவர் முதல் வகையைத் தருவதே நல்லது. பொய்யான உறுதியோ முந்தைய உறக்கத்தையே திரும்பக் கொண்டுவரும்.

மறுக்கப்பட்ட கோரிக்கைகள் தனிப் பட்டியலில் வைக்கப்பட்டு, புதியவற்றுக்கு முன்பாக அனுப்பப்படுகின்றன. கருவி தொடர்ந்து நெரிசலையே காட்டினால் ஸ்கஸி வட்டுகளுக்கு வழக்கமான வரம்பு 180 வினாடி: 30 வினாடிக் கெடு, முதல் முயற்சியும் ஐந்து மறுமுயற்சிகளும் சேர்ந்த ஆறு மடங்கு. அதன் பிறகே கோப்பு முறைமைக்குப் பிழை தெரிவிக்கப்படுகிறது.