உதகைப் பள்ளியும் பாளையங்கோட்டை ஆசிரியரும்

1881ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் கல்வி முடித்துத் திரும்பியிருந்த சாமுவேல் சத்தியநாதன் உதகமண்டலம் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியராக நியமனம் பெற்றார். அவருடன் மலையேறிய மனைவி கிருபாபாய்க்கு அப்போது வயது 19. உடல் நலிந்தவர், ஆயினும் அங்கே வாளாவிருந்தாரில்லை. சி.எம்.எஸ். சங்கத்தின் உதவியோடு முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேறு பெண்கள் பள்ளிகளிலும் கற்பித்தார். தோடர்களைச் சென்று கண்டு அவர் எழுதிய கட்டுரை, ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்னும் புனைபெயரில் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளிவந்தது.

அகமத்நகரில் பிறந்த ஒரு மராத்தியப் பெண் நீலகிரியில் முஸ்லிம் சிறுமியருக்கு ஆசிரியையானது எவ்வாறு? விடை தேடுவோர் பாளையங்கோட்டைவரை பின்னோக்கிச் செல்லவேண்டும்.

அங்கே சி.எம்.எஸ். ஆங்கிலப் பள்ளியை நடத்திவந்தவர் வில்லியம் குரூக்ஷாங்க்ஸ். அவர் கண்பார்வையற்றவர். பிறர் வாசிக்கக் கேட்டு, கேட்டதை நெஞ்சில் இருத்திக் கற்பிக்கவேண்டிய நிலையில் இருந்த அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் திருவேங்கடம் என்னும் இந்து மாணவர். 1847இல் திருமுழுக்குப் பெற்று அவர் வில்லியம் தாமஸ் சத்தியநாதன் ஆனார். ஆசிரியரின் முதற்பெயரே மாணவருக்கும் முதற்பெயராக அமைந்திருப்பது நம் கவனத்திற்குரியது. பின்னர் அவர் குருவாகிச் சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் பணியாற்றினார். அவருடைய மனைவி அன்னா, 1830இல் குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். சென்னையில் பெண்கல்விக்கு அயராது உழைத்தவர்.

இவர்களுடைய இல்லத்திற்கே 1878இல் கிருபாபாய் வந்துசேர்ந்தார். அதற்குமுன் அவரை வழிநடத்தியவர் மூத்த சகோதரர் பாஸ்கர். தங்கையை வாசிக்கத் தூண்டி, தமக்கு நிகரானவளாக மதித்து உரையாடிய அவர் இளமையிலேயே மறைந்தார். பம்பாயில் அமெரிக்க மிஷனெரிப் பெண்மணியரின் ஆதரவு கிடைத்தது. மருத்துவம் பயில இங்கிலாந்து செல்லும் வாய்ப்பும் வந்தது, உடல்நிலை இடந்தரவில்லை. ஆகவே, சிறிது காலத்திற்குமுன்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்த சென்னை மருத்துவக் கல்லூரியை நாடினார். தங்க வீடு கொடுத்தவர் சத்தியநாதன் ஐயர்.

இந்த ‘வீடு கொடுத்தல்’ சிறு காரியமன்று. தனித்து வந்த ஒரு பெண், ஆண்கள் நிறைந்த கல்லூரிக்குச் சென்றுவர அக்காலத்தில் உதவித்தொகை மட்டும் போதாது. அவளைத் தங்கள் பிள்ளையாக எண்ணும் ஒரு குடும்பம் தேவைப்பட்டது. நன்கொடைக் கணக்கில் ஏறாத உதவி இது.

முதலாண்டுத் தேர்வுக்குப்பின் உடல்நலம் கெட்டுப் படிப்பு நின்றது. பூனாவுக்குச் சென்று தேறி, மீண்டும் சென்னைக்கு வந்தபோதுதான் அவ்வீட்டு மகன் சாமுவேலை மணந்தார்.

ஆதரவாளரைப் பற்றிய கிருபாபாயின் எழுத்து வெறும் நன்றியுரையன்று. தம் வாழ்வைத் தழுவி எழுதிய ‘சகுணா’ நாவலில், இந்தியக் கிறிஸ்தவரைத் தாழ்வாக நடத்திய மிஷனெரிமாரின் தோரணையை அவர் மறைக்காமல் சுட்டுகிறார். பெற்ற உதவியையும் பட்ட சிறுமையையும் ஒரே நூலில் எழுதிய துணிவு அவருடையது. மிஷன் வரலாறு எழுதுவோர் முன்னதை விரிவாக எடுத்தாண்டு பின்னதை விட்டுவிடுவது நேர்மையாகாது. பாஸ்கரின் நினைவு அவர் நெஞ்சில் நிலைத்ததற்கு, அந்த அண்ணனின் உதவியில் தோரணை இல்லாததும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

1884இல் தம்பதியர் உதகையை விட்டு இராஜமகேந்திரவரம் சென்றனர். பின்னர்ச் சாமுவேல் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராகி, சென்னை மாகாணக் கல்வி வரலாற்றை நூலாக எழுதினார். கிருபாபாய் 1894இல், 32 வயதில் மறைந்தார். சாமுவேலின் இரண்டாம் மனைவி கமலா 1901இல் இந்தியப் பெண்களுக்கென ஓர் ஆங்கில இதழைத் தொடங்கினார். அவர்களுடைய மகள் பத்மினி சென்குப்தாவும் எழுத்தாளரானார். பார்வையற்ற ஆசிரியரின் வகுப்பறையிலிருந்து எண்ணினால் இது மூன்றாம் தலைமுறை.

கிருபாபாய் மறைந்தபின் அவர் நினைவாகப் பெண்களுக்கு ஓர் உதவித்தொகை நிறுவப்பட்டது. அது, அவர் ஓராண்டோடு விட்டுவந்த சென்னை மருத்துவக் கல்லூரியில்.