கொட்டாஞ்சேனைப் பாட்டுக்காரர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், எங்கள் முசரவாக்கத்தில் அம்மனுக்குக் கூழ்வார்த்த இரவு, காஞ்சிபுரத்திலிருந்து மெல்லிசைக் குழு ஒன்று வந்திருந்தது. பக்திப் பாடல்கள் முடிந்து சினிமாப் பாடல்களுக்குத் தாவிய வேளையில் 'சுராங்கனி' பாடினார்கள். பாடும் முன் தொகுப்பாளர், 'இளையராஜாவின் இசையில் அமைந்த பாடல்' என்று அறிவித்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அப்பாடல் இளையராஜாவின் இசையில் இடம்பெற்றது. பாடியவர் மலேசியா வாசுதேவன். மலேசியாவில் பிறந்த தமிழர் ஒருவர், இலங்கையிலிருந்து வந்த பாட்டைச் சென்னையில் பாடினார் என்பதே ஒரு தனிக் கதைதான். ஆனால் படம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஒரு பறங்கியர் வீட்டு முன்வாசலில், ஓட்டை விழுந்த ஒலிபெருக்கி ஒன்றைத் தோளில் சுமந்து போய் இறக்கி வைத்தவன் நான்.

இதை அந்தத் தொகுப்பாளரிடம் சொல்லப் போனேன். 'அப்படிங்களா சார்' என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சொல்லாமல் விட்ட என்னைப் போன்றவர்கள்தான் இதை எழுதி வைத்திருக்க வேண்டும்.

கொழும்பில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். என் தாய்மாமா அங்கே புறக்கோட்டையில் சிறிய சேலைக் கடை வைத்திருந்தார். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைகள் இல்லாமல் கொழும்புத் தமிழர் வீட்டுக் கல்யாணம் நடக்காது என்ற காலம் அது. தனுஷ்கோடி 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்துவிட்டதால் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்தது. 1969இல், பதினாறு வயதில், எங்கள் தறியில் துணையாளாக மறுகரைக்கு நாடா எறிந்துகொண்டிருந்த என்னை மாமா கடைப்பையனாக அழைத்துப் போனார்.

நான் போய் ஓராண்டுக்குள் கடையின் அடிப்படையே ஆட்டம் கண்டது. 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பட்டுச் சேலை யாருக்கும் அத்தியாவசியமல்ல. மாமா கையிருப்பை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்தார். பிறகு மருதமுனைக் கைத்தறிச் சேலைகளையும் சாரங்களையும் வாங்கி விற்கலானார். காஞ்சிபுரத்துக்காரன் பருத்திச் சாரம் விற்பதா என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

சேலையோடு சேர்ந்து நின்றுபோனவை வேறு சிலவும் உண்டு. தமிழ்நாட்டு வணிக இதழ்களின் வரத்து கட்டுப்படுத்தப்பட்டது. திரைப்படங்களின் வரவும் சுருங்கியது. ஈழத்து இலக்கிய வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் கட்டுப்பாட்டைப் பற்றிக் குறிப்பிடத் தவறுவதில்லை. வீரகேசரி பிரசுரமாக மலிவு விலையில் உள்ளூர் நாவல்கள் வரிசையாக வந்ததும், 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' போன்ற இதழ்கள் வேரூன்றியதும் அந்தக் காலத்தில்தான். அதே வெற்றிடத்தில் பாட்டும் முளைத்தது என்பதை எழுத்தாளர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. பாட்டு அவர்களுக்குச் சற்றுக் கீழான சங்கதி.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கட்டுப்பாடுதான் பொப் இசையைப் பெற்றெடுத்தது என்று நான் சொல்லவில்லை. (நாம் 'பாப்' என்று எழுதுவதை அவர்கள் 'பொப்' என்று எழுதுவார்கள். அந்த இசையைப் பற்றிப் பேசும்போது என் கை தானாகவே கொம்பும் காலும் போட்டுவிடுகிறது.) யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அறுபதுகளிலேயே 'சின்ன மாமியே' பாடிவிட்டார். திருகோணமலையில் எம். பி. பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் மெல்லிசையில் பெயரெடுத்திருந்தார்கள். சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அன்னெஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவாக மின்கிட்டாரைக் கொண்டுவந்து கேட்பவர்களின் செவியையே மாற்றியிருந்தார்கள். 1969இல் மொரட்டுவையில் 'ஜிப்சீஸ்' தொடங்கியது. விதை ஏற்கெனவே இருந்தது. கட்டுப்பாடு நிலத்தைக் காலி செய்து கொடுத்தது, அவ்வளவே.

இன்னும் பின்னால் போனால், 1505இல் வந்திறங்கிய போர்த்துக்கேயரிடம் போய் முடியும். அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காப்பிரிகள், அவர்களுடைய தாளம், போர்த்துக்கேய மொழி பேசிய பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டங்கள் என்று கலந்து புரண்டு வந்தது 'காப்பிரிஞ்ஞா'வும் பைலாவும். 'பைலா' என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதைச் சிங்கள மேடைப் பாட்டாக்கிப் பரப்பியவர் வொலி பஸ்தியன் என்ற போக்குவரத்துப் போலீஸ்காரர். வாகனங்களை நிறுத்திவைப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவர், ஒரு நாட்டையே ஆடவைத்தார்.

எங்கள் கொட்டாஞ்சேனைக் குழுவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. கிட்டார் வாசித்த பறங்கிப் பையனுக்கு அவன் பாட்டி வழியாக அந்தத் தாளம் கையில் இருந்தது. மத்தளமும் பாங்கோவும் ஒரு சிங்களப் பையன். பாடுபவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தவன். அவன் தம்பி நல்ல மதிப்பெண் பெற்றும் தரப்படுத்தலால் பல்கலைக்கழக இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். அந்தக் கசப்பை அவன் கடைசிவரை பாட்டில் கொண்டுவந்ததே இல்லை. பாட்டில் மாமியும், மாமி மகளும், கள்ளுக்கடையும் மட்டுமே வருவார்கள். எனக்கு வாத்தியம் எதுவும் தெரியாது. ஒலிபெருக்கி தூக்குவேன், தேநீர் வாங்கி வருவேன், தமிழ்ப் பாட்டின் வரிகளை மற்ற இருவருக்காக ஆங்கில எழுத்துகளில் எழுதிக் கொடுப்பேன்.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. நாடெங்கும் ஊரடங்கு. அதன் முதல் இரவுகளில் ஒன்றை நாங்கள் நால்வரும் அந்தப் பறங்கியர் வீட்டிலேயே கழித்தோம். வெளியே வாகனச் சத்தமே இல்லை. இலங்கை வானொலி தணிந்த குரலில் அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருந்தது. மத்தளக்காரனின் அண்ணன் தென்மாகாணத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி மூன்று நாள்களாகத் தகவல் இல்லை. எவருக்கும் தூக்கம் வரவில்லை. கிட்டார்க்காரனின் பாட்டி எழுந்து வந்து, 'வாசியுங்களடா, மெல்ல வாசியுங்கள்' என்றார். நித்தியின் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டை ஏறக்குறைய முணுமுணுப்பாகவே பாடினார்கள். ஆடுவதற்காகக் கட்டப்பட்ட பாட்டை உட்கார்ந்து, குரலை அடக்கிக் கேட்டது அன்று மட்டுந்தான். குடியால் கெட்டவனைப் பார்த்து ஒருவன் மன்றாடும் பாட்டு அது என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது. மத்தளக்காரனின் அண்ணன் இரண்டு வாரம் கழித்துப் பத்திரமாகத் திரும்பினான். திரும்பாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

நித்தி கனகரத்தினத்தின் பாடல்களை இலக்கிய வாசகர்கள் ஒருமுறை பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்தில் 'இழிசனர் வழக்கு' என்றொரு விவாதம் நடந்தது. கதைகளில் பேச்சுமொழியை எழுதலாமா, அது இலக்கியத்தைக் கெடுக்காதா என்று பண்டிதர்களும் முற்போக்கு எழுத்தாளர்களும் மோதிக்கொண்டார்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் தேசிய இலக்கியம், மண்வாசனை என்று வாதாடிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், ஓர் இளைஞர் கிட்டாரை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பேச்சில் பாடி, விவாதத்துக்கு வெளியே நின்றே அதைத் தீர்த்துவிட்டார். அதுவரை இலங்கையில் மெல்லிசை பாடியவர்களில் பலர் சென்னைத் திரைப்படத் தமிழைத்தான் பாடினார்கள். மாமியை மாமி என்று, தன் ஊர் ஒலியிலேயே கூப்பிட்ட பாட்டு இவருடையது. அது சிறிய காரியமல்ல.

இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். 1972 என்று நினைவு. தமிழில் எங்களுக்கென்று ஒரு பாட்டு வேண்டும், நீ எழுது என்றார்கள். பள்ளியில் யாப்பு படித்த கர்வத்தில், தறியைப் பற்றி நான்கு விருத்தம் போல எழுதிக் கொண்டுபோனேன். பாடகன் வாசித்துப் பார்த்துவிட்டு, "ஐசே, இதை வைச்சுக் கும்பிடலாம், ஆடேலாது" என்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பிறகு எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, தறிக்குழியில் கால் வைத்தபடி மறுபக்கத்துத் துணைப் பையனைத் திட்டிக்கொண்டே நெய்யும் ஒருவனைப் பற்றி எழுதினேன். இரண்டு கல்யாண வீடுகளில் அதைப் பாடினார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு கிழவர் எழுந்து ஆடினார். அவ்வளவுதான் அப்பாட்டின் ஆயுள். ஒலிப்பதிவும் இல்லை, எழுதிய தாளும் இல்லை. எனக்கே இப்போது பல்லவி மட்டுந்தான் நினைவிருக்கிறது; அதை இங்கே எழுதத் துணிவில்லை.

அந்த ஆண்டுகளில் மேலெழுந்து வந்தவர் ஏ. ஈ. மனோகரன். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று பட்டம் கொடுத்தார்கள். கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வர்த்தக சேவையை ஆண்டுகொண்டிருந்த காலம். கடல் கடந்து தமிழ்நாட்டுத் தறிக்கூடங்களிலும் அந்த அலைவரிசைதான் ஒலித்தது. நித்தியின் பாட்டில் ஒரு குறும்புக்கார மாணவன் இருந்தான் என்றால், மனோகரனிடம் இருந்தவன் மேடைக்காரன். உடை, தாடி, ஆட்டம் எல்லாம் சேர்ந்தே பாட்டு. 'சுராங்கனி' அவர் இயற்றியதன்று. மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு பெண்ணை அழைக்கும் சிங்களப் பைலா அது. அவர் அதைத் தமிழும் சிங்களமும் கலந்து பாடிப் பரப்பினார். ஒரே பாட்டில் இரண்டு மொழியும் சண்டையில்லாமல் இருந்ததை அன்று நாங்கள் விசேஷமாகக் கவனிக்கவில்லை. எங்கள் குழுவில் தினமும் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

மாமாவுக்கு இந்தச் சகவாசம் பிடிக்கவில்லை. "மீன் விக்கிறவன் பாட்டெல்லாம் ஒரு பாட்டாடா?" என்பார். கடை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் மருமகன் கிட்டார்க்காரர்களோடு திரிந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவருடைய பிழைப்பைக் கெடுத்த அதே இறக்குமதிக் கட்டுப்பாடுதான் என் மாலைப்பொழுதுகளை அப்படி நிறைத்தது என்பது, பல வருடங்கள் கழித்து ஒரு கட்டுரையைப் படித்தபோதே எனக்குப் புரிந்தது. படித்துவிட்டுச் சற்று வெட்கப்பட்டேன்.

குழு கலைந்ததற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததிலிருந்தே பறங்கியர் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. எங்கள் கிட்டார்க்காரனின் குடும்பமும் 1974இல் மெல்பர்ன் போய்விட்டது. பாட்டி போகவில்லை. என்னுடைய தற்காலிக வதிவிட அனுமதி 1976இல் முடிந்தது, நீட்டிக்கவில்லை. ஊருக்கு வந்து மீண்டும் தறியில் உட்கார்ந்தேன். மறுவருடம் காஞ்சிபுரத்துத் தேநீர்க் கடை வானொலியில் திரைப்படப் பாடலாக 'சுராங்கனி' வந்தபோது, கையிலிருந்த குவளையை வைத்துவிட்டு நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்தவர், 'புதுப் படமா?' என்று கேட்டார்.

1977இல் ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். இந்தியச் சேலைகள் திரும்பின. ஒலிநாடாக்களும் திரைப்பாடல்களும் வெள்ளமாக வந்தன. மாமாவின் கடை நிமிர்ந்தது, பொப் இசை தேய்ந்தது. மனோகரன் சென்னைக்கு வந்து, சிலோன் மனோகர் என்ற பெயரில் படங்களில் அடியாளாகவும் வில்லனாகவும் நடிக்கத் தொடங்கினார். ஒரு தலைமுறைத் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அவர் கதாநாயகனிடம் அடிவாங்கும் முரட்டு உருவம் மட்டுமே. நித்தி கனகரத்தினம் பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

1983 ஜூலை 24ஆம் நாள் இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை, மறுநாள் புறக்கோட்டையை எட்டியது. மாமாவின் கடை எரிந்தது. எத்தனை சேலைகள் இருந்தன என்பது அவருக்கு இலக்கத்தோடு தெரியும்; ஒருபோதும் சொன்னதில்லை. ஆகஸ்டில் ஒரு கைப்பையோடு முசரவாக்கம் வந்து சேர்ந்தார். நாங்கள் கேட்காமலே ஒன்று மட்டும் சொன்னார். நான்கு நாள்கள் அவரை ஒளித்து வைத்திருந்தது எங்கள் மத்தளக்காரனின் வீடு. கும்பல் வாசலுக்கு வந்தபோது, அவன் அம்மா கதவை மறித்து நின்று உள்ளே யாருமில்லை என்றாராம். உள்ளே இருட்டில், பழைய மத்தளத்துக்குப் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்திருக்கிறார். 'உன் மத்தளம்காரன்' என்றுதான் அவனைக் குறிப்பிட்டார். பெயர் அவர் வாயில் நுழையவில்லை.

அந்த முகவரிக்கு நான் மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது, இரண்டு வரி, ஆங்கிலத்தில். மற்றவற்றுக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பாடகன் டொராண்டோவில் இருப்பதாகத் தொண்ணூறுகளில் கேள்விப்பட்டேன். இலங்கை வானொலியின் அந்தக் குரல்களில் ஒன்றான கே. எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். கிளாரன்ஸ் விஜேவர்தன 1996இல் மறைந்தார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது செய்தித்தாள்கள் 'சுராங்கனி புகழ்' என்று எழுதின.

மாமா அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். கடைசி வருடங்களில் திருவிழாக்களில் அந்தப் பாட்டைப் போட்டால், முன்பு போல முகம் சுளிக்க மாட்டார். எழுந்து வீட்டுக்கும் போக மாட்டார். திண்ணையில் உட்கார்ந்தபடியே முழுப்பாட்டையும் கேட்டுவிட்டு, 'மத்தளம் சரியில்லைடா' என்பார்.