அதிதி அசோக்: இளமையும் அமெச்சூர்ப் பருவமும்

அதிதி அசோக் (பிறப்பு: பெங்களூரு, மார்ச் 29, 1998) இந்தியக் கோல்ஃப் ஆட்டக்காரர், ஐரோப்பிய மகளிர் சுற்றுப்போட்டிகளில் பட்டம் வென்ற முதல் இந்தியர். தந்தையார் அசோக் குட்லமணி, தாயார் மகேஸ்வரி. 2016 ஜனவரி முதல் தேதியன்று அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார். அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில், பணம் ஒன்றையும் கைநீட்டி வாங்காமல், பள்ளிப் படிப்போடு சேர்த்து அவர் செய்த அப்பியாசத்தின் வரலாறே இக்கட்டுரைக்குப் பிரதான விஷயம்.

இவ்விளையாட்டின் பெயரைக் கேட்டிருந்தும் அதை ஒரு முறையேனும் நேரில் கண்டிராதவர்கள் நம் பக்கத்தில் மிகப் பலர். அதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அன்று, நிலமே. பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு மைதானத்திற்கு 100 முதல் 150 ஏக்கர் வரை, அதாவது எங்கள் வலங்கைமான் பக்கத்துக் கணக்கில் ஏறக்குறைய 15 வேலி முதல் 22 வேலி வரை, வெறும் புல்தரையாகவே விட்டுவைக்க வேண்டும். குடமுருட்டி ஆற்றின் தண்ணீர் எட்டுகிற இடமெல்லாம் குறுவையும் சம்பாவும் தாளடியுமாக நெல் நிற்கும் பூமியில், ஒரு மா நிலத்தைக்கூடத் தரிசாகக் காண மனம் ஒப்பாத குடியானவர்களிடையே, அத்தகைய மைதானம் தோன்றுவதற்கு நியாயமே இல்லை. ஆதலால் நம் சிறுவர்களுக்கு அறுவடை முடிந்த வயலில் கிட்டிப்புள் வாய்த்தது, கோல்ஃப் வாய்க்கவில்லை. ஆங்கிலேயர் 1829-இல் கல்கத்தாவிலும் 1876-இல் பெங்களூரிலும் கழகங்கள் நிறுவினார்கள். சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தய வெளியிலும், நீலகிரியின் புல்மேடுகளிலும் ஆடினார்கள். எனினும் அவை யாவும் நெடுங்காலம் அதிகாரிகளுக்கும் செல்வர்களுக்கும் உரிய இடங்களாகவே இருந்தன.

அதிதியின் குடும்பத்தில் அவருக்கு முன் எவரும் கோல்ஃப் ஆடியவர் அல்லர். கர்நாடகக் கோல்ஃப் சங்கத்தின் மைதானத்தை அடுத்திருந்த ஓர் உணவகத்துக்குப் பெற்றோரோடு காலைச் சிற்றுண்டி அருந்தச் சென்ற ஐந்து வயதுக் குழந்தை, அங்கே மட்டைகள் வீசப்படுவதையும் பந்துகள் பறப்பதையும் கண்டு வியந்து, அருகே போய்ப் பார்க்க விரும்பியதிலிருந்தே எல்லாம் தொடங்கியது. அம்மைதானத்தின் பயிற்சித் திடல் பிறரும் வந்து ஆடக்கூடியதாக இருந்தது என்பதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. உறுப்பினருக்கு மட்டுமே திறக்கும் கதவாக அது இருந்திருந்தால், குழந்தையின் வியப்பு அன்றைய சிற்றுண்டியோடு முடிந்திருக்கக் கூடும். பிறவித் திறமையைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும், அத்திறமை கால் வைப்பதற்கு ஒரு பிடி மண் நடந்து போகும் தூரத்தில் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

அவருடைய ஆட்டத்தின் குணத்தை அறியக் கோல்ஃபின் கணக்கைச் சிறிது அறிய வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகளில் பந்தைச் சேர்க்கலாம் என ஒரு நியமம் உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் அது 72 ஆகும். இந்த 72-இல் சரிபாதியான 36 அடிகள், குழியைச் சுற்றிக் குட்டையாகக் கத்தரிக்கப்பட்ட புல்தரையில் பந்தை மெல்ல உருட்டுவதற்கென்றே, குழிக்கு இரண்டாக, ஒதுக்கப்பட்டவை. பந்தை முந்நூறு கஜம் பறக்க அடிக்கும் பலசாலியின் ஓர் அடியும், இரண்டு முழத் தொலைவிலிருந்து உருட்டித் தவறவிட்ட ஓர் அடியும் கணக்கில் ஒன்றே. உடல் வலிமையால் பந்தை வெகுதூரம் அனுப்பும் ஆட்டக்காரிகளின் வரிசையில் அதிதி என்றும் இருந்ததில்லை. புல்லின் சாய்வையும் தரையின் சரிவையும் கண்ணால் அளந்து, பதற்றமின்றிப் பந்தை உருட்டும் வித்தையிலேயே அவர் பிரசித்தி பெற்றார். நீளத்தில் இழப்பதை நுணுக்கத்தில் மீட்கும் இந்த வழக்கம் சிறு பெண்ணாகத் தம்மினும் மூத்தவர்களோடு ஆடிய காலத்திலேயே அவருக்கு வாய்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2011-ஆம் ஆண்டு அவருக்குத் திருப்பமாக அமைந்தது. கர்நாடக ஜூனியர் பட்டத்தையும் தென்னிந்திய ஜூனியர் பட்டத்தையும் வென்றதோடு, பதின்மூன்றே வயதில், இந்திய மகளிர் தொழில்முறைச் சுற்றின் ஒரு போட்டியில், அதையே ஜீவனமாகக் கொண்ட மூத்த ஆட்டக்காரிகளோடு நின்று முதலிடம் பெற்றார். அமெச்சூர் ஒருவர் அத்தகைய போட்டியில் வென்றால் பட்டம் அவருக்கு. பரிசுத் தொகை அவருக்கு இல்லை. 'அமெச்சூர்' என்ற சொல் நமக்கு நாடக மேடையின் வழியாகவே அறிமுகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் நிறுவிய சுகுண விலாச சபையில், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஊதியம் கருதாது, கலையின்மீது கொண்ட பிரியம் ஒன்றினாலேயே வேஷம் கட்டினார்கள் அல்லவா? கோல்ஃபிலும் அச்சொல்லுக்கு அதே பொருள்தான். ஆனால் நாடகத்தில் அது சபையின் கௌரவமாக இருந்தது, கோல்ஃபில் கடுமையான விதியாகவும் இருந்தது. பயணம், மட்டை, பயிற்சி ஆகிய செலவுகள் பெற்றோர் தலையில் விழுந்தன. பல போட்டிகளில் தந்தையாரே மட்டைப் பையைச் சுமந்து கேடியாக உடன் நடந்தார்.

2012 முதல் 2014 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து தேசிய ஜூனியர் பட்டம் அவரிடமே இருந்தது. மூன்றாம் ஆண்டில் பெரியவர்களுக்குரிய தேசியப் பட்டமும் உடன் சேர்ந்தது. 2013-இல் ஆசிய இளைஞர் விளையாட்டு, மறு ஆண்டில் நான்ஜிங் இளைஞர் ஒலிம்பிக், இஞ்சியோன் ஆசிய விளையாட்டு என நாட்டின் சார்பில் அவர் ஆடிய களங்கள் விரிந்தன. பெங்களூரில் ஃபிராங்க் அந்தோணி பப்ளிக் பள்ளியின் மாணவியாக அவர் இருக்கையிலேயே இத்தனையும் நடந்தது.

அமெச்சூர் வாழ்வின் சிகரம் 2015. கோல்ஃபின் தாயகமெனப் போற்றப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், கடற்காற்று பந்தின் போக்கைக் கணந்தோறும் மாற்றும் மணற்பாங்கான திடலில், செயின்ட் ரூல் கோப்பையை வென்றார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டத்தையும் கைக்கொண்டார். எதிராளி ஒருவரைக் குழிக்குக் குழி வெல்லும் முறை வேறு. எல்லாச் சுற்றுகளின் அடிகளையும் கூட்டி, மிகக் குறைந்த தொகை எவருடையதோ அவரே வெற்றியாளர் என்னும் ஸ்ட்ரோக் பிளே முறை வேறு. பின்னதில் ஒரு நாள் மின்னிப் பயனில்லை, நாள்தோறும் நிதானம் வேண்டும். அதிதியின் சுபாவத்துக்கு உரிய ஆட்டம் அதுவே. அவ்வாண்டு டிசம்பரில் மொராக்கோவில் நடந்த ஐரோப்பிய மகளிர் சுற்றின் தகுதிப் போட்டியில், தம் பதினேழாம் வயதில் முதலிடம் பெற்றார்; அதற்கு முன் இந்தியர் எவரும் அங்கே முதலிடம் பெற்றதில்லை, அத்தனை இளம் வயதில் எந்த நாட்டவரும் பெற்றதில்லை. சில தினங்களில் அமெச்சூர் வாழ்வு முடிந்தது.

தொழில்முறை வாழ்வை இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். 112 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக்கிற்குத் திரும்பிய கோல்ஃபில், 2016-இல் ரியோ நகரில், போட்டியாளர் அனைவரிலும் இளையவராக ஆடினார்; தந்தையாரே கேடி. அவ்வாண்டு நவம்பரில் குருகிராமில் இந்திய மகளிர் ஓப்பன் பட்டத்தை ஓர் அடி வித்தியாசத்தில் வென்று, இரு வாரங்களில் கத்தாரிலும் வென்றார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டைப் பையைத் தாயார் சுமந்தார். உலகத் தர வரிசையில் 200-ஆம் இடத்திலிருந்த மகள் மூன்று நாட்கள் பதக்கம் பெறும் நிலையிலேயே இருந்தமையால், ஆகஸ்ட் 7-ஆம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில், 'பார்' என்றால் என்னவென்று முந்திய நாள் வரை அறியாத எத்தனையோ இந்திய வீடுகளில் தொலைக்காட்சிகள் ஒளிர்ந்தன. புயல்மழை இடையில் ஆட்டத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கவைத்தது. நான்கு சுற்றுகளின் முடிவில் தங்கம் பெற்ற நெல்லி கோர்டாவின் தொகை 267, அடுத்த இருவருக்கும் 268, அதிதிக்கு 269.