கோபுரம் எழுப்பிய கைகள்

திருவண்ணாமலைக்கு வருவோர் மலையைக் காண்கின்றனர், கோபுரத்தைக் காண்கின்றனர், கண்டதும் திரும்புகின்றனர். மலைக்கும் கோபுரத்துக்கும் அடியிலே ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூரின் தெருக்களிலே நாம் ஒரு முற்பகல் முழுவதும் நடந்தோம். கைகூப்பிச் செல்லவில்லை, கண் திறந்து சென்றோம்.

வட ஒத்தவாடைத் தெரு என்றொரு தெரு. பெயரைக் கேட்ட வெளியூரார் திகைப்பர். ஒரு பக்கம் கோயிலின் நெடுமதில்; மறுபக்கத்தில்தான் வீடும் கடையும். ஒற்றை வாடை மக்கள் நாவிலே ஒத்தவாடை ஆயிற்று. மேற்கிலே பே கோபுரத் தெரு. மேலைக் கோபுரம் 'மேக்கோபுரம்' ஆகி, அது 'பேக்கோபுரம்' எனத் திரிந்தது என்பர். பேய்க்கும் அதற்கும் உறவில்லை. அந்தப் பேயை ஓட்ட ஒரு பூசை ஏற்படுத்தாமல் விட்டார்களே, அதுவரை நன்று! இன்னும் நடந்தால் கடலைக்கடை மூலை. அரசன் பெயரில்லை, ஆண்டவன் பெயரில்லை; கடலை விற்ற கடையொன்று ஊரின் திசைகாட்டியாக நிற்கிறது. மல்லாட்டை விளையும் சீமையல்லவா இது!

கோயில் இருந்ததால் கடைத்தெரு வந்தது என்பர் சிலர். பாதி உண்மை. பாராமகாலிலிருந்து செங்கம் கணவாய் வழியாகச் சமவெளிக்கு இறங்கும் வணிகப் பாதையின் வாயிலிலே இவ்வூர் அமைந்திருந்தது என்பது மற்றப் பாதி. அந்த வழியே படைகளும் வந்தன. 1767-இல் ஐதர் அலியும் நிசாமும் ஒருபுறமும் கர்னல் ஸ்மித் மறுபுறமுமாகப் பொருதது இவ்வூரை அடுத்தே. படைகள் போயின, கடைத்தெரு மீண்டது. 1886-இல் நகராட்சியும் அமைந்தது.

பாத்திரக் கடைகளின் முன் சற்று நின்றோம். பித்தளைக்கு ஈயம் பூசுவோர் துருத்தியும் நவச்சாரமுமாகத் தெருத் தெருவாகக் குரல் கொடுத்து வந்த காலம் ஒன்று இருந்தது. காய்ச்சிய பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவி, உருகிய ஈயத்தைத் துணியால் ஒரே வீச்சில் துடைத்துப் பரப்புவர். கறுத்த பாத்திரம் நொடியில் வெள்ளியாகும். எவர்சில்வர் வந்தது; அக்குரல் அடங்கிற்று.

குயவர் தொழில் அவ்வாறு அடங்கவில்லை. கார்த்திகை இருக்கிறதே! ஏரி வண்டலைக் கொணர்ந்து, கல் நீக்கி, மிதித்துப் பதப்படுத்திய மண்ணைப் பெருங்குவியலாகத் திரிகையின் நடுவே ஏற்றுகின்றனர். குவியலின் தலையிலே கட்டைவிரல் ஒரு குழி இடுகிறது. விளிம்பை ஒரு கிள்ளு கிள்ளினால் திரிக்கு மூக்கு. நூல் அறுத்து எடுக்கிறது. ஓர் அகல் பிறந்துவிட்டது! குவியல் தீருமுன் பல டஜன். எளிதென்று எண்ணுவீர்கள். ஆனால் அகலுக்குத் தேவை மிகும் மாதமே அடைமழை பெய்யும் மாதம். மண் காயாது, காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும், விறகும் நனைந்திருக்கும். வானம் மூடினால் ஓராண்டின் வருவாயே மூடிக்கொள்ளும். மலைமேல் தீபக் கொப்பரையைச் சுமந்து ஏற்றித் தீ மூட்டும் பருவதராஜ குலத்தாரையாவது ஊர் ஆண்டுக்கொரு முறை பெயர் சொல்லி நினைக்கிறது. அகல் செய்தவரை யார் நினைக்கிறார்?

வரலாறு நினைத்ததா? வரி தண்டும்போது மறவாமல் நினைத்தது! தமிழகத்துக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் புரட்டுங்கள். குயவருக்குக் குசக்காணம், நெசவாளருக்குத் தறியிறை, எண்ணெய் ஆட்டுவோருக்குச் செக்கிறை, பொற்கொல்லருக்குத் தட்டார்ப்பாட்டம், துணி வெளுப்போருக்கு வண்ணாரப்பாறை! கிழக்கே நிற்கும் 217 அடிக் கோபுரத்துக்குக் கிருஷ்ணதேவராயர் பெயர் இருக்கிறது. முடித்துவைத்த செவ்வப்ப நாயக்கர் பெயர் இருக்கிறது. வடகோபுரத்துக்குப் பொருள் திரட்டிய பெண்துறவி அம்மணி அம்மாளின் பெயரும் இருக்கிறது. அதிலாவது மகிழ்வோம். கல் பிளந்தவன், சாரம் கட்டியவன், சுதை பிசைந்தவள் ஆகியோர் எங்கே?

கரூர்க் கோயிற் கல்வெட்டு ஒன்று நம் நெஞ்சைக் குத்துகிறது. கொங்குநாட்டுக் கம்மாளர்க்கு அரசன் அளித்த 'உரிமை'களை அது பட்டியலிடுகிறது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்கையில் செருப்பு அணியலாம், தம் வீட்டுக்குச் சாந்து பூசலாம்! பிறர் மாளிகைக்குச் சுவர் எழுப்பியவன் தன் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. 'பொற்காலம்' என்று பாடம் நடத்துவோர் இக்கல்லை மாணவர்க்குக் காட்டுவரோ?

வட ஆர்க்காட்டின் தலைநகராக விளங்கிய சித்தூரிலே, தம் வீட்டுத் திருமணத்தைத் தம்மவரைக் கொண்டே நடத்தும் உரிமைக்காகக் கம்மாளர் நீதிமன்றம் ஏறினர். 1818-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் கிடைத்தது. ஆனால் சிலை செதுக்கிய சிற்பி, கண் திறந்து குடமுழுக்கு முடிந்தபின், அச்சிலையைத் தொடலாகாது என்னும் வழக்கம் அசையவில்லை. 2006-இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என அரசு ஆணையிட்டது. 2007-இல் பயிற்சிப் பள்ளிகள் எழுந்த ஆறு இடங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. பயின்றவர்கள் பல்லாண்டு காத்திருந்தனர். 2021 ஆகஸ்டு 14 அன்றுதான் 24 பேர் கையில் பணி ஆணை வந்தது.

கைத்தொழிலை வியந்து பேசும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. வியப்பவர் பலர் அத்தொழிலைப் பிறப்போடு கட்டிவைக்க விரும்புகின்றனர். 1953-இல் பாதி நாள் பள்ளி, மீதி நாள் தந்தையின் தொழில் என்று ஆச்சாரியார் வகுத்த திட்டத்தைக் குலக்கல்வி என்று கூறித் தமிழகம் எதிர்த்தது. 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். 2023-இல் ஒன்றிய அரசு கொணர்ந்த விசுவகர்மா திட்டம் 18 தொழில்களை எடுத்துக்கொண்டு, குடும்பவழித் தொழிலைச் செய்யும் 18 வயது இளைஞரையும் அழைத்தது. கல்லூரி வாயிலில் நிற்கவேண்டிய வயதல்லவா அது? தமிழ்நாடு மறுத்தது, குடும்பத் தொழில் என்னும் கட்டை நீக்கி, 35 வயது நிரம்பியோர்க்கு, 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கியது.

திரிகையின் அருகே அமர்ந்திருந்த முதியவரிடம், "பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவார்களா, ஐயா?" என்றோம். அவர் திரிகையை நிறுத்தவில்லை.

"பையன் பாலிடெக்னிக்குல படிக்கிறான். பொண்ணுதான் லீவு நாள்ல வந்து உக்காருவா. எனக்கு மேல சுத்துவா. ஆனா டீச்சராவணும்னு சொல்றா. ஆவட்டும். நீங்க பேச வந்தீங்களா, அகல் எடுக்க வந்தீங்களா?"

நூறு அகல் எடுத்துக்கொண்டோம். வைக்கோல் இட்டு அவர் கட்டித் தந்த கட்டில், வீடு வந்து சேரும்வரை ஒன்றும் உடையவில்லை.