மதுரை வட்டாரத்தில் டார்ச் லைட்: மஞ்சள் ஒளியும் வெள்ளை ஒளியும்

மின்கலத்தால் எரியும் கைவிளக்கை மதுரையிலும் அதன் சுற்றுப்புறச் சமவெளி ஊர்களிலும் 'டார்ச் லைட்' என்றும் 'பேட்டரி லைட்' என்றும் அழைப்பர். உள்ளே போடும் மின்கலங்களின் எண்ணிக்கையைக் கொண்டு 'ரெண்டு கட்டை லைட்டு', 'மூணு கட்டை லைட்டு' எனச் சொல்வதும் உண்டு. நெடுங்காலம் இதன் ஒளி மஞ்சளாக இருந்தது. எல்.இ.டி. வந்தபின் அது நீலம் கலந்த வெள்ளையாக மாறியது. இப்போது மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. கைவிளக்குகளும் கிடைக்கின்றன. இரவில் வயலுக்குப் போகிறவர்களுக்கு இந்த நிறமாற்றம் வெறும் அழகுப் பிரச்சினை அன்று.

தீயின் நிறம்

கைவிளக்குக்கான காப்புரிமை 1899 ஜனவரியில் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவருக்கு வழங்கப்பட்டது. அக்கால மின்கலங்கள் வலுவற்றவை. விளக்கைத் தொடர்ந்து எரிய விட முடியாமல் அவ்வப்போது பளிச்சிடச் செய்தனர். அமெரிக்கர்கள் இதனை 'ஃபிளாஷ் லைட்' என்றழைக்க இதுவே காரணம் என்பர். தமிழுக்கு வந்தது பிரித்தானிய வழக்கான 'டார்ச்'. அச்சொல்லின் பழைய பொருள் தீவட்டி. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஊர்வலத்தில் திரியேந்தி ஆடும் பக்தர்களைக் கண்ட மதுரைக்காரர்களுக்கு இந்தப் பொருத்தம் எளிதில் விளங்கும்.

பெயரில் மட்டுமன்றி ஒளியிலும் இரண்டுக்கும் உறவு உண்டு. தீவட்டி, காடா விளக்கு, அரிக்கேன் விளக்கு ஆகிய எல்லாவற்றிலும் சூடான கரித்துகள்களே ஒளிர்கின்றன. குண்டு பல்பில் சூடான டங்ஸ்டன் இழை ஒளிர்கிறது. ஒளியின் சாயலைக் கெல்வின் என்ற அலகில் அளப்பர். மெழுகுவத்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின். இழை பல்பு ஏறத்தாழ 2,400 முதல் 2,800 வரை. நண்பகல் வெயில் சுமார் 5,500. எண் கூடக் கூட வெண்மையும் நீலமும் மிகும். எனவே அரிக்கேனை வைத்துவிட்டு டார்ச்சைக் கையில் எடுத்தவரின் கண் புதிய நிறம் எதையும் பழக வேண்டியிருக்கவில்லை. திருமணத்துக்கு வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்ஸ் மட்டுமே சற்று வெளுத்த ஒளி தந்தது.

பழைய டார்ச்சின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு கட்டை லைட்டுக்குரிய 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு முக்கால் வாட்தான். அதிலும் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். கிடைக்கும் ஒளி பத்து லூமெனைத் தொட்டாலே பெரிது. கட்டை தீரத் தீர ஒளி செம்மஞ்சளாகி, பிறகு நெருப்புத் துண்டு போலச் சிவந்து நிற்கும். தீர்ந்த கட்டைகளை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டப் பார்ப்பது வீட்டுக்கு வீடு நடந்த சிக்கனம். மறந்து உள்ளேயே விட்டால் கட்டை கசிந்து டார்ச்சையே அரித்துவிடும்.

வெள்ளை எல்.இ.டி.

சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. ஆனால் வெள்ளை ஒளிக்கு நீலம் தேவைப்பட்டது. ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோரின் உழைப்பால் பிரகாசமான நீல எல்.இ.டி. 1990-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. அதற்காக 2014-இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசினால், நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். மலிவான கைவிளக்குகள் பெரும்பாலும் இந்த வகையே.

தமிழ்நாட்டில் இவை பரவியதற்கு மின்வெட்டு பெரிய காரணம். 2008 முதல் தொடங்கிய தட்டுப்பாடு 2012-இல் உச்சத்துக்குச் சென்றது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன. சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்குகள் அந்த ஆண்டுகளில்தான் மதுரைப் பக்கத்து வீடுகளில் நிலைபெற்றன. கட்டை வாங்கும் செலவு இல்லை; ஒளியும் பல மடங்கு. குண்டு பல்பு தோற்றது நியாயமே.

வரப்பில் என்ன தெரிகிறது?

பெரியாறு பாசனம் பாயும் மேலூர், வாடிப்பட்டிப் பகுதிகளிலும் கிணற்றுப் பாசன ஊர்களிலும் இரவு நடை தவிர்க்க முடியாதது. மடை திறக்க வேண்டும். மும்முனை மின்சாரம் இரவு முறையில் வந்தால் அப்போதே மோட்டார் போட வேண்டும். வரப்பில் உள்ள அச்சம் பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கண்ணாடி விரியன் அதில் முக்கியமான பாம்பு. பழுப்பு உடல், அதன்மேல் சங்கிலிபோல அடர்பழுப்பு வட்டங்கள். காய்ந்த சருகிலும் வைக்கோலிலும் கிடந்தால் பகலிலேயே கண்ணுக்குத் தப்பும்.

பழுப்பு என்பது மங்கிய செம்மஞ்சள்தான். மலிவான வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்புப் பகுதி குறைவு. ஆகவே செம்மண், சருகு, பாம்பு எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடக்கூடும். இயல்பு நிறத்தை ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நிறங்காட்டு எண் என்ற அளவு உண்டு. குண்டு பல்பு ஏறத்தாழ 100 பெறும். மலிவான வெள்ளை எல்.இ.டி. 70 அளவில் நிற்கும். மஞ்சள் சாயல் எல்.இ.டி.யில் சிவப்பு ஒளிர்பொருளும் சேர்ப்பதால் 80, நல்லவற்றில் 90-க்கும் மேல் கிடைக்கும். விலையாகக் கொஞ்சம் வெளிச்சம் குறையும். கருப்பில் வெள்ளைப் பட்டை கொண்ட கட்டுவிரியனைக் காண எந்த ஒளியும் போதும் என்பதையும் சொல்ல வேண்டும். வெளிச்சமே போதாவிட்டால் நிறம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. கைத்தடியும் காலணியும் எப்படியும் வேண்டும்.

மஞ்சளாக இருப்பதாலேயே ஒரு விளக்கு நிறத்தைச் சரியாகக் காட்டும் என்று எண்ணுவது தவறு. தெருக்களில் முன்பு எரிந்த சோடியம் ஆவி விளக்குகள் நல்ல மஞ்சள். அவற்றின் கீழ் சிவப்புச் சேலையும் பழுப்புச் சேலையும் ஒன்றுபோலத் தோன்றின. குண்டு பல்பிலும் நீலம் குறைவு என்பதால் கருநீலத்தைக் கறுப்பிலிருந்து பிரிப்பது கடினம். சுங்குடிச் சேலையைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கத்தின் காரணம் இதுவே.

வெள்ளை எல்.இ.டி.க்கும் இடம் உண்டு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை மொட்டாக, விடியுமுன்னே பறிப்பர். கரும்பச்சை இலைக்கு நடுவே வெண்மொட்டைத் தேடத் தலையில் மாட்டும் வெள்ளை விளக்கு வசதியானது. ஆனால் நீலம் மிகுந்த ஒளியைப் பூச்சிகள் அதிகம் நாடும். மழைக்கால இரவில் ஈசல் முகத்தில் மொய்க்கும்போது மஞ்சள் விளக்கின் அருமை தெரியும்.

அட்டைப்பெட்டியில் வாட்டும் லூமெனும் அச்சிடும் உற்பத்தியாளர்கள் நிறங்காட்டு எண்ணைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. கடையிலேயே உள்ளங்கையில் அடித்துப் பார்க்கலாம். இரத்தவோட்டத்தின் இளஞ்சிவப்பு தெரிந்தால் ஒளியில் சிவப்பு இருக்கிறது. கை வெளிறித் தெரிந்தால் இல்லை. பழைய டார்ச்சைத் தூக்கி எறியாதவர்களுக்காக, குண்டு பல்பு இருந்த இடத்திலேயே பொருத்தும் எல்.இ.டி. பல்புகளும் விற்கப்படுகின்றன. மூன்று கட்டை லைட்டில் பொருத்துவோர், பல்பு ஏற்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.